கசிந்த அமெரிக்கக் கேபிள்களைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2010 ஜனவரி 2. ஏமன் அதிபர் அலி அப்துல்லா சாலே, அமெரிக்க ஜெனரல் டேவிட் பெட்ரேயஸுடன் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு வாரங்களுக்கு முன்னால்தான் ஏமனில் சில இடங்களில் அமெரிக்கக் குண்டு விழுந்திருந்தது. அடித்தது எங்கள் படைதான் என்று ஏமன் அரசு அறிவித்திருந்தது. "குண்டுகள் எங்களுடையவை, உங்களுடையவை அல்ல என்றே தொடர்ந்து சொல்வோம்" என்கிறார் சாலே. உடனே துணைப் பிரதமர் ரஷாத் அல் அலிமி, நாடாளுமன்றத்தில் தான் இப்போதுதான் அப்படி ஒரு 'பொய்' சொல்லிவிட்டு வந்ததாக வேடிக்கை பேசுகிறார்.

இந்தப் பேச்சைத் தூதரகம் எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பியது. ஓராண்டு முடிவதற்குள் உலகமே அதைப் படித்தது.

இப்படிப்பட்ட ஆவணத்துக்குப் பெயர் கேபிள். தந்தி காலத்துப் பெயர், மின்னஞ்சல் காலத்திலும் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் கேபிள் என்றால் டிவிக்காரர்தான் நினைவுக்கு வருவார், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேபிள்கள் இன்றும் இணையத்தில் கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலானவர்கள் செய்தித் தலைப்பைப் படித்தார்களே தவிர, கேபிளைப் படிக்கவில்லை. தலைப்பு ஒன்று சொல்லும், கேபிள் வேறொன்று சொல்லும். ஒரு கேபிளை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து அமெரிக்க வெளியுறவுக் கொள்கையைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ள முடியாது என்று பிரிப்பதற்கான வழிதான் கீழே.

படி 1: குவியலின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் 2010 நவம்பர் 28 அன்று வெளியிடத் தொடங்கிய தொகுப்பில் 2,51,287 கேபிள்கள் இருந்தன. 274 தூதரகங்களும் துணைத் தூதரகங்களும் பிற அலுவலகங்களும் அனுப்பியவை. மிகப் பழையது 1966 டிசம்பரைச் சேர்ந்தது, கடைசி 2010 பிப்ரவரி. ஆனால் பெரும்பகுதி 2000-த்துக்குப் பிறகு எழுதப்பட்டது.

இவற்றில் 15,652 'ரகசியம்' என்ற முத்திரை பெற்றவை. 1,01,748 அதற்கு ஒரு படி கீழே, 'அந்தரங்கம்'. மீதி 1,33,887, அதாவது பாதிக்கு மேல், எந்த ரகசிய முத்திரையும் இல்லாதவை. 'அதிரகசியம்' என்ற மேல்தட்டு வகையில் ஒன்றுகூட இல்லை.

இது ஏன் முக்கியம்? செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, துறைகள் ஒன்றுக்கொன்று தகவல் பகிர்வதில்லை என்ற குறை எழுந்தது. அதனால் வெளியுறவுத் துறையின் ஏராளமான கேபிள்கள் ராணுவமும் பார்க்கக்கூடிய வலையமைப்பில் போடப்பட்டன. அதற்கு அடையாளமாக 'சிப்டிஸ்' என்ற சொல் கேபிளின் தலையில் நிற்கும். பாக்தாத் அருகே முகாமில் இருந்த செல்சி மேனிங் என்ற இளம் ராணுவ ஆய்வாளரால் இத்தனையையும் பாட்டு சிடி போலக் குறியிட்ட வட்டுகளில் படியெடுக்க முடிந்தது அதனால்தான். ஆகவே கசிந்தது அந்தக் கதவு வழியாகப் போனவை மட்டுமே. வெள்ளை மாளிகைக்குள் நடந்த வாதமோ, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ தன் தலைமையகத்துக்கு எழுதியதோ இங்கே கிடைக்காது. "கேபிளில் இல்லை, அதனால் நடக்கவில்லை" என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. விக்கிலீக்ஸின் தேடுதளத்தில் 1973 முதல் 1976 வரையிலான, வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சர் காலத்துக் கேபிள்களும் லட்சக்கணக்கில் உண்டு. அவை கசிந்தவை அல்ல, அமெரிக்க ஆவணக் காப்பகமே ரகசிய முத்திரை நீக்கித் திறந்துவிட்டவை. மேற்கோள் காட்டும்போது இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

படி 2: மேல் வரியைப் பாருங்கள், உத்தரவா அறிக்கையா?

ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு எண் உண்டு. ஏமன் கேபிளின் எண் '10 சனா 4'. சனா தூதரகம் 2010-இல் அனுப்பிய நான்காவது கேபிள் என்று பொருள். ஊர்ப் பெயர் இருக்கும் இடத்தில் 'ஸ்டேட்' என்று இருந்தால், அது வாஷிங்டன் தலைமையகத்திலிருந்து தூதரகங்களுக்குப் போனது.

எனக்குத் தெரிந்து, ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாகுபாடு இதுதான். ஊரிலிருந்து வாஷிங்டனுக்குப் போவது அறிக்கை. வாஷிங்டனிலிருந்து ஊருக்கு வருவது உத்தரவு. கொள்கை என்ன என்று கேட்பவர்கள் உத்தரவைத்தான் முதலில் தேட வேண்டும். தொகுப்பில் அவை குறைவு, ஆனால் கனமானவை.

2009 ஜூலையில் போன '09 ஸ்டேட் 80163' அப்படி ஒன்று. ஐ.நா. அதிகாரிகளைப் பற்றி எந்தெந்தத் தகவல்களைச் சேகரிக்க வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது. பொதுச் செயலாளர் பான் கி மூன் நிர்வாகத்தை எப்படி நடத்துகிறார் என்பதிலிருந்து கடன் அட்டை எண், விமானப் பயணச் சலுகை எண், வேலை நேரம் வரை. தூதர் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒற்றர் வேலையையும் சேர்த்துக் கொடுப்பதுபோல் இருந்தது. எங்கள் தூதர்கள் தூதர்கள் மட்டுமே என்று வெளியுறவுத் துறை விளக்கம் சொன்னது.

"ஹிலாரி கிளின்டன் உத்தரவிட்டார்" என்று அன்று தலைப்புகள் வந்தன. கேபிளின் கடைசியில் 'கிளின்டன்' என்று இருப்பது உண்மைதான். ஆனால் தலைமையகத்திலிருந்து போகும் எந்தக் கேபிளின் அடியிலும் அப்போதைய வெளியுறவு அமைச்சரின் பெயர் வழக்கப்படி வந்துவிடும். தூதரகத்திலிருந்து வருவதில் தூதரின் பெயர் நிற்பதும் அப்படித்தான். கிளின்டனுக்கு முன்பிருந்த கான்டலீசா ரைஸ் காலத்திலும் இதே மாதிரிப் பட்டியல்கள் போயிருக்கின்றன. ஆக, இது ஒரு அமைச்சரின் தனிப்பட்ட புத்தி அல்ல, ஆட்சி மாறினாலும் மாறாத வேலைமுறை. தலைப்பு சொன்னதைவிட இதுதான் பெரிய செய்தி.

படி 3: பத்திகளைப் பிரியுங்கள்

கேபிளின் உடல் எண்ணிட்ட பத்திகளாக இருக்கும். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் அந்தப் பத்தி எவ்வளவு ரகசியம் என்று ஒரு எழுத்து. முதலில் சுருக்கம், பிறகு நடந்தது, கடைசியில் 'கமென்ட்' என்ற பகுதி. நடுவில் இருப்பது யார் என்ன சொன்னார் என்ற குறிப்பு. கமென்ட் என்பது தூதரகத்தின் சொந்தக் கருத்து. இவை இரண்டையும் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துவிட்டுப் படியுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய கேபிள் போதும். 1990 ஜூலை 25 அன்று பாக்தாத்தில் சதாம் உசேன் அமெரிக்கத் தூதர் ஏப்ரல் கிளாஸ்பியை அழைத்துப் பேசினார். குவைத் எல்லையில் ஈராக் படை குவிந்திருந்த நேரம். நட்பு முறையில் கேட்கிறேன், உங்கள் நோக்கம் என்ன என்று கிளாஸ்பி கேட்டார். இந்த அரபு விவகாரங்களில் நாங்கள் எந்த நிலைப்பாடும் எடுப்பதில்லை என்றும் சொன்னார். அந்தச் சந்திப்பைப் பற்றிய அவருடைய கேபிள் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. அதன் கமென்டில், சதாம் அமைதித் தீர்வை விரும்புவது நிச்சயம் உண்மையானதே, ஈராக்கியர்கள் போரில் சலித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்.

எட்டே நாள். ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது.

கிளாஸ்பி பச்சைக் கொடி காட்டினார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. கேபிளைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை, தகராறைப் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் எதிரே இருந்த ஆளைத் தப்பாக எடைபோட்டார் என்பது தெளிவு. கமென்ட் பகுதி ரகசியமாக எழுதப்பட்டது என்பதாலேயே அது சரியாகிவிடாது.

படி 4: யார் வாயிலிருந்து யார் காதுக்கு?

"பாம்பின் தலையை வெட்டுங்கள்." ஈரானைத் தாக்கும்படி சவுதி மன்னர் அப்துல்லா அமெரிக்காவிடம் சொன்னதாக 2010-இல் உலகம் முழுக்கப் பரவிய வரி. கேபிளை எடுத்துப் பார்த்தால் (2008 ஏப்ரல், '08 ரியாத் 649') அதைச் சொன்னவர் அமெரிக்காவுக்கான சவுதித் தூதர் அடெல் அல் ஜுபைர். ஈரானைத் தாக்கச் சொல்லி மன்னர் அடிக்கடி வற்புறுத்தியதை நினைவூட்டும்போது, மன்னர் உங்களிடம் பாம்பின் தலையை வெட்டச் சொன்னார் என்கிறார். ஆக, மன்னர் சொன்னதாக அவருடைய தூதர் சொல்ல, அதை அமெரிக்க அதிகாரி எழுதியிருக்கிறார். மூன்று கை மாறிவிட்டது. அதற்காகப் பொய் என்று சொல்லவில்லை. அதே கேபிளில் சவுதி வெளியுறவு அமைச்சர் சற்று நிதானமாக, பொருளாதாரத் தடைகளைக் கடுமையாக்கலாம் என்ற பக்கம் பேசுகிறார். அந்த வரி எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

கேபிளில் பேசுகிறவருக்கு எப்போதும் ஒரு காரியம் இருக்கும். அமெரிக்கர்களிடம் நல்ல பெயர் வாங்க, எதிராளியைப் போட்டுக்கொடுக்க, தன் செல்வாக்கை ஊதிக்காட்ட. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2011 மார்ச்சில் 'தி இந்து' நாளிதழ் இந்தியா தொடர்பான சுமார் 5,100 கேபிள்களைப் பெற்று வெளியிடத் தொடங்கியது. அதில் 2009 மே மாதம் சென்னைத் துணைத் தூதரகம் எழுதிய ஒன்று, திருமங்கலம் இடைத்தேர்தலில் வாக்காளருக்கு 5,000 ரூபாய் வீதம் உறையில் போட்டுக் காலைச் செய்தித்தாளுக்குள் வைத்துக் கொடுத்த கதையை விவரிக்கிறது. தமிழ்நாட்டில் டீக்கடையில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதுச் செய்தியே இல்லை. புதிதாக இருந்தது, அரசியல்வாதிகள் அதை அமெரிக்க அதிகாரியிடம் எவ்வளவு சகஜமாகப் பேசினார்கள் என்று எழுதியிருந்த விதம். பெயர் வந்தவர்கள் சிலர் பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார்கள். ஒரு பக்கத்து எழுத்து மட்டும் கையில் இருக்கும்போது அந்த மறுப்பையும் சேர்த்துத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

படி 5: வெளியே சொன்னதைப் பக்கத்தில் வையுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கேபிளின் தேதியைக் குறித்துக்கொண்டு, அதே வாரத்தில் அந்த அரசுகள் வெளிப்படையாக என்ன சொல்லின என்று தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் கொள்கை தெரியும்.

ஏமனுக்கே திரும்புவோம். 2009 டிசம்பர் 17 அன்று அப்யான் மாகாணத்தில் அல் மஜாலா என்ற இடத்தில் தாக்குதல். ஏமன் நாடாளுமன்ற விசாரணையின்படி 41 பொதுமக்கள் இறந்தார்கள், அவர்களில் 14 பேர் பெண்கள், 21 பேர் குழந்தைகள். 2010 ஜூனில் மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனல் அங்கே எடுத்த படங்களை வெளியிட்டது. அமெரிக்க ஏவுகணையின் பாகங்கள், கொத்துக் குண்டுகள். அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கேபிள் வெளியானதும் அந்தப் படங்களுக்கு எழுத்துச் சாட்சி கிடைத்தது.

ஆனால் அதே கேபிளில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்யானில் பொதுமக்கள் இறந்ததைச் சாலே குறையாகச் சொல்கிறார். இறந்த பொதுமக்கள் ஒரு அல்கொய்தா ஆளின் மனைவியும் இரண்டு குழந்தைகளும் மட்டும்தான் என்கிறார் பெட்ரேயஸ். உடனே சாலே தன் அமைச்சர்களிடம் திரும்பிக் குழப்பமாக நீண்ட நேரம் பேசுகிறார். சாலேவுக்கு அவருடைய ஆட்கள் சரியாக விவரம் சொல்லவில்லை போலிருக்கிறது என்று தூதரகம் கமென்ட் எழுதுகிறது! யாருக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதை அந்த 41 என்ற எண் காட்டிவிடுகிறது. வெளியே சொன்ன பொய் ஒரு பக்கம், உள்ளே தாங்களே நம்பிக்கொண்ட கணக்கு இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்தக் கேபிள் பாதிதான் புரியும்.

ஜெர்மனி விஷயம் வேறு மாதிரி. கலீத் எல் மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகனைப் பெயர்க் குழப்பத்தில் பிடித்து, சிஐஏ ஆப்கானிஸ்தானில் அடைத்து வைத்திருந்தது. 2007 தொடக்கத்தில் ஜெர்மன் அரசு வழக்கறிஞர்கள் 13 சிஐஏ ஆட்கள் மேல் கைது ஆணை பெற்றார்கள். பெர்லின் கேபிளில் அமெரிக்கத் துணைத் தூதர், நாங்கள் மிரட்டவில்லை, ஆனால் ஒவ்வொரு அடியிலும் அமெரிக்க உறவில் வரும் விளைவுகளைக் கவனமாக எடைபோட்டுப் பாருங்கள் என்று ஜெர்மன் அதிகாரியிடம் சொல்கிறார். மிரட்டல் இல்லை என்று சொல்லிக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்வது எப்படி என்று பாடம் எடுக்கலாம். அந்தப் பதின்மூன்று பேரை ஒப்படைக்கும்படி ஜெர்மனி கடைசிவரை முறையாகக் கேட்கவே இல்லை.

படி 6: தூதரகம் சொன்னதை வாஷிங்டன் கேட்டதா?

ஊரிலிருந்து வரும் அறிக்கை கொள்கை ஆகாது என்றேன். பல சமயம் அது கொள்கைக்கு எதிராகவே இருக்கும்.

2008 பிப்ரவரி 1, '08 மாஸ்கோ 265'. எழுதியவர் தூதர் வில்லியம் பர்ன்ஸ், பிற்பாடு சிஐஏ இயக்குநரானவர். தலைப்பு: 'நியெட் என்றால் நியெட்'. நியெட் என்பது ரஷ்ய மொழியில் 'இல்லை'; இல்லை என்றால் இல்லைதான். உக்ரைனை மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்ப்பது அந்த நாட்டையே பிளந்து வன்முறைக்கோ, மோசமானால் உள்நாட்டுப் போருக்கோ கொண்டுபோகலாம். அப்போது தலையிடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு ரஷ்யா தள்ளப்படும், அதை அது விரும்பவில்லை என்று வல்லுநர்கள் சொல்வதாகக் கேபிள் சொல்கிறது. இரண்டு மாதம் கழித்து புகாரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று நேட்டோ அறிவித்தது.

இதை வைத்து ரஷ்யா பின்னால் செய்ததை நியாயப்படுத்துபவர்களும் உண்டு. அது கேபிள் சொல்லாத கதை. அது சொல்வது ஒன்றுதான்: எச்சரிக்கை மேசைக்குப் போயிருந்தது. தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஹோண்டுராஸும் இப்படித்தான். 2009 ஜூன் 28 அன்று அதிபர் செலாயாவை ராணுவம் தூக்கி கோஸ்டாரிகாவுக்கு விமானம் ஏற்றியது. ஜூலை 24 அன்று தூதர் ஹியூகோ லோரென்ஸ் எழுதுகிறார்: இது சட்டத்துக்கும் அரசியல் சாசனத்துக்கும் புறம்பான ஆட்சிக் கவிழ்ப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் 'ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு' என்று அதிகாரபூர்வமாகத் தீர்மானித்தால் அமெரிக்கச் சட்டப்படி உதவியை வெட்ட வேண்டும். வாஷிங்டன் சில உதவிகளை நிறுத்தியது, அந்தச் சொல்லை மட்டும் முறைப்படி எழுதவே இல்லை.

படி 7: ஒரு கேபிளில் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள்

பயிற்சிக்கு '10 கொழும்பு 32'. 2010 ஜனவரி 15, இலங்கையில் அதிபர் தேர்தலுக்குப் பதினோரு நாள் முன்பு. எழுதியது தூதர் பட்ரிசியா புடெனிஸின் தூதரகம். போர்க்குற்றப் பொறுப்புக்கூறல் பற்றித் தமிழர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது பொருள்.

தன் சொந்தப் படைகள் மீதோ மூத்த அதிகாரிகள் மீதோ ஒரு அரசு, தானே ஆட்சியில் இருக்கும்போது போர்க்குற்றத்துக்காக முழு விசாரணை நடத்தியதாக எங்களுக்குத் தெரிந்து உதாரணம் இல்லை என்கிறது கேபிள். இலங்கையில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் பல குற்றச்சாட்டுகளின் பொறுப்பு அதிபர் ராஜபக்ச, அவருடைய சகோதரர்கள், எதிர்த்து நிற்கும் ஜெனரல் பொன்சேகா உள்ளிட்ட உயர்மட்டத் தலைமையிடம் இருக்கிறது என்றும் சொல்கிறது.

இப்போது படிகளைப் போடுங்கள். இது அறிக்கை, உத்தரவு அல்ல. இந்த வரிகள் தூதரகத்தின் சொந்த மதிப்பீடு, வேறு யாரும் காதில் சொன்னது அல்ல. மறுபக்கம், நாட்டுக்குள் இருக்கும் தமிழ்த் தலைவர்கள் பொறுப்புக்கூறலை இப்போது அழுத்த முடியாது என்று கருதுவதாகவும் புலம்பெயர்ந்தவர்களின் எண்ணம் வேறு என்றும் சொல்லும் பகுதி, பிறர் சொன்னது. அதைப் படிக்கும்போது, அந்த ஜனவரியில் கொழும்பில் உட்கார்ந்து ஒரு தமிழ் அரசியல்வாதி எவ்வளவு தூரம் மனம்விட்டுப் பேசியிருக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் வாஷிங்டன் என்ன செய்தது? இலங்கை அரசு அந்த மே மாதம் தானே ஒரு ஆணைக்குழுவை அமைத்தது. அமெரிக்கா காத்திருந்தது. 2012 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் அது கொண்டுவந்த தீர்மானம்கூட, உங்கள் ஆணைக்குழுவின் பரிந்துரைகளை நீங்களே நிறைவேற்றுங்கள் என்றுதான் கேட்டது. ஆட்சியில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே விசாரிக்க மாட்டார்கள் என்று தன் தூதரகமே எழுதி இரண்டு ஆண்டு ஆன பிறகு.

படி 8: மேற்கோள் காட்டும் முன்

கேபிளை நீதிமன்றம் ஏற்குமா? சில சமயம் ஏற்றிருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவு மக்களை 1968 முதல் 1973 வரை பிரிட்டன் அகற்றி, அங்குள்ள டியகோ கார்சியா தீவை அமெரிக்கத் தளத்துக்குக் கொடுத்தது. 2010-இல் தீவுகளைச் சுற்றிக் கடல் பாதுகாப்புப் பகுதி அறிவித்தது. அதனால் தீவு மக்களின் மீள்குடியேற்றக் கோரிக்கை அடிபட்டுப் போகும் என்று பிரிட்டிஷ் அதிகாரி சொன்னதாக 2009 லண்டன் கேபிள் ஒன்று பதிவு செய்கிறது. 2018 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்தக் கேபிளைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. தீவு மக்கள் அந்த வழக்கில் ஜெயிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பெயர்களில் கவனம் வேண்டும். தொடக்கத்தில் பத்திரிகைகளோடு சேர்ந்து பெயர்களை மறைத்தே வெளியிட்டார்கள். 2011 செப்டம்பர் தொடக்கத்தில், தொகுப்பைத் திறக்கும் கடவுச்சொல் வெளியே வந்துவிட்ட நிலையில், மறைப்பில்லாத முழுத் தொகுப்பும் வந்துவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் 'கண்டிப்பாகப் பாதுகாக்கவும்' என்ற குறிப்போடு எத்தனையோ சாதாரண மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் ஒரு பத்திரிகையாளர், தன் பெயர் ஒரு கேபிளில் வந்ததால் அதிகாரிகள் விசாரிக்கத் தொடங்க, நாட்டைவிட்டே போக நேர்ந்தது. அமைச்சர் பெயரைப் போடுங்கள், தூதர் பெயரைப் போடுங்கள். ஆசிரியர், கடைக்காரர், மதகுரு பெயரை விட்டுவிடுங்கள். உங்கள் கட்டுரைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

சனாவோ மாஸ்கோவோ முதல் நாளுக்குக் கொஞ்சம் கனம். நான் யாருக்கும் முதலில் கொடுப்பது '09 துனிஸ் 516'. 2009 ஜூலையில் துனிசிய அதிபர் பென் அலியின் மருமகன் சாகர் எல் மாத்ரி வீட்டில் அமெரிக்கத் தூதருக்கு விருந்து. ஐஸ்கிரீமும் உறைதயிரும் பிரான்சின் செயின்ட் ட்ரோபேவிலிருந்து விமானத்தில் வந்திருக்கிறது. வீட்டு வளாகத்தில் கூண்டுக்குள் பாஷா என்ற புலி, நாளொன்றுக்கு நான்கு கோழி தின்கிறது. அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு: பாக்தாத்தில் சதாமின் மகன் உதய் வைத்திருந்த சிங்கக் கூண்டு தூதருக்கு நினைவுக்கு வந்ததாம். ஒன்றரை ஆண்டு கழித்து, 2011 ஜனவரி 14 அன்று, ஆட்சியை இழந்த மாமனார் சவுதிக்கு விமானம் ஏறினார்.